பாகூர் பக்கத்து லேப்ரடார் நாய் கென்னல்ல குட்டி வாங்குன அனுபவம், அவங்க வச்சிருக்குற நோட்டு பத்தியும்

கடலூர்ல இருந்து பாண்டி ரோட்டுல போயி கன்னியக்கோயில்ல பாகூர் பக்கம் திரும்பி உள்ள போனா வயலுக்கு நடுவுல ஒரு ஓட்டு வீடு, பின்னாடி ஒரு நீள ஷெட், அதான் நான் சொல்லப்போற கென்னல். பேரும் போன் நம்பரும் போடல, அவங்களே வேணாம்னுட்டாங்க, வருஷத்துக்கு ரெண்டு ஈத்து, மிஞ்சிப்போனா மூணு, அதுக்கே ஆளுங்க முன்னாடியே சொல்லி வச்சிருக்காங்க, போன் ஓயாம வந்தா நாய யாரு பாக்குறதுன்னு கேட்டாங்க. நியாயம்தான். ஆனா அங்க பாத்தத எழுதியே ஆகணும்னு தோணுச்சு, ஏன்னா இப்ப குட்டி வாங்கப்போற யாருக்காவது எதையெல்லாம் கேக்கணும்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல என் பழைய கத கொஞ்சம். 2022ல ஒரு இடத்துல (எங்கன்னு சொல்லல) லேப் குட்டி வாங்குனோம். பையன் பேரு வச்சான், டைகர். 45 நாள் குட்டி, முத ஊசி போட்டாச்சுன்னு கார்டு குடுத்தாங்க, கார்டுல ஸ்டிக்கர் இருந்துச்சு, கையெழுத்து இருந்துச்சு, சீல் இருந்துச்சு. நான் பார்மசிஸ்ட், தெனமும் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் பாக்குறதுதான் என் வேல, ஆனா அன்னைக்கு அந்த குட்டிய மடியில வச்ச சந்தோஷத்துல கார்ட திறந்து கூட பாக்கல. ஆறாம் நாள் சாப்பாட்ட மோந்து பாத்துட்டு படுத்துகிச்சு, ராத்திரி வாந்தி, விடிஞ்சா ரத்தப் பேதி. டாக்டர் கிட்ட தூக்கிட்டு ஓடுனோம், கிட் டெஸ்ட்ல பார்வோ, குட்டிங்களுக்கு வர்ற வைரஸ் பேதி. வாயத் தொறந்து பல்ல பாத்துட்டு "இதுக்கு 45 நாள் எங்கம்மா ஆச்சு, 35 நாள் இருந்தாலே பெருசு"ன்னாரு. மூணு நாள் டிரிப்ஸ் ஏத்துனோம், நாலாம் நாள் காலைல போயிடுச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அந்த கார்ட எடுத்து பாத்தேன். ஸ்டிக்கர்ல இருந்த எக்ஸ்பைரி தேதி ஊசி போட்டதா எழுதியிருந்த தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே முடிஞ்சிருச்சு. சீல்ல டாக்டரோட பதிவு எண்ணே இல்ல. ஒரு நிமிஷம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அது இன்னும் என் மனசுல கெடக்கு.

பார்வோ வந்த வீட்டுக்கு உடனே வேற குட்டி கொண்டு வரக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, அந்த கிருமி தரையிலயும் மண்ணுலயும் மாசக்கணக்குல, ஏன் ஒரு வருஷம் கூட உசுரோட கெடக்கும், பினாயில் போட்டு கழுவுனா போகாது, ப்ளீச் தான், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி. கழுவுனோம், காத்திருந்தோம், அப்புறம் வேணவே வேணாம்னு விட்டுட்டோம். 2025 ஆரம்பத்துல பையன் மறுபடி கேக்க ஆரம்பிச்சான், அப்பதான் எங்க டாக்டரே இந்த பாகூர் இடத்த சொன்னாரு. "குட்டி அழகா இருக்கும்னு சொல்லல, அவங்க எழுதி வைப்பாங்க, அதுக்காக சொல்றேன்"ன்னாரு. எனக்கு அந்த ஒரு வார்த்த போதுமா இருந்துச்சு.

பிப்ரவரி மாசம் ஒரு ஞாயித்துக்கிழம நானும் வீட்டுக்காரரும் போனோம். அண்ணனுக்கு அம்பத்தஞ்சு வயசு இருக்கும், அண்ணி தான் நோட்டு எழுதுறது. வாசல்லயே செருப்ப கழட்ட சொல்லி அவங்க ரப்பர் செருப்பு குடுத்தாங்க, ஒரு டிரேல கால முக்கிட்டு உள்ள வர சொன்னாங்க. சுவத்துல விலங்குகள் நல வாரிய பதிவு சர்டிபிகேட் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்துச்சு. 2017ல மத்திய அரசு கொண்டு வந்த நாய் இனப்பெருக்க விதிகள்ல ப்ரீடர் பதிவு பண்ணியிருக்கணும், சர்டிபிகேட்ட எல்லாருக்கும் தெரியுற மாதிரி வைக்கணும்னு இருக்கு, நெறைய பேருக்கு இது தெரியாது, போற இடத்துல முதல்ல சுவத்த பாருங்க.

அப்ப குட்டி எதுவும் இல்ல. நாலு பொட்ட, ஒரு கடுவன், அப்புறம் ஒன்பது வயசு கெழவி ஒருத்தி வராண்டாலயே படுத்திருந்தா, ஈத்து நிறுத்தி கருப்பை எடுத்தாச்சு, வீட்டு ஆளு மாதிரி சுத்துறா. எட்டு வயசுக்கு மேல மேட்டிங் விடக்கூடாது, ஆயுசுக்கு அஞ்சு ஈத்துக்கு மேல கூடாது, பதினெட்டு மாசம் ஆகாம விடக்கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவ தான், இதெல்லாம் அதே விதியில இருக்கு. இந்த கெழவி மொத்தமே மூணு ஈத்து தான்னு அண்ணி நோட்டுல காட்டுனாங்க. குட்டி போடுறத நிறுத்துன நாய் அந்த எடத்துல எங்க இருக்குன்னு கேளுங்க, பதில் வரலன்னா எனக்கு அந்த எடம் வேணாம்.

இப்ப நோட்டுக்கு வரேன். எந்த ஆப்பும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல, ஸ்கூல் பசங்க வாங்குற அட்ட போட்ட நீள நோட்டு தான், ஒவ்வொரு நாய்க்கும் தனி நோட்டு, ஒவ்வொரு ஈத்துக்கும் தனி நோட்டு. மொத பக்கத்துல நாயோட போட்டோ, பொறந்த தேதி, அப்பா அம்மா, மைக்ரோசிப் (நாய் தோலுக்கு அடியில போடுற சின்ன சிப்) நம்பர் பதினஞ்சு இலக்கமும். நான் கேக்காமலே அண்ணன் ரீடர எடுத்துட்டு வந்து நாயோட ரெண்டு தோளுக்கு நடுவுல வச்சு காட்டுனாரு, ஸ்கிரீன்ல வந்த நம்பர நான் நோட்ட பாத்து ஒவ்வொண்ணா படிச்சேன், சரியா இருந்துச்சு. சிப் இருக்குன்னு வாயால சொல்றவங்க நெறைய, ரீடர் வச்சு காட்டுறவங்க கம்மி. சிப் இல்லாட்டி அந்த நோட்டு எந்த நாயோடதுன்னு யாருக்கு தெரியும், ஒரே கலர் லேப் நாலு நின்னா எனக்கு எதுவும் அடையாளம் தெரியாது.

அடுத்த பக்கங்கள்ல ஊசி. மருந்து குப்பியில இருக்குற ஸ்டிக்கர உரிச்சு ஒட்டி, பக்கத்துல தேதி, டாக்டர் சீல், பதிவு எண். நான் உக்காந்து ஒவ்வொரு ஸ்டிக்கரோட எக்ஸ்பைரியும் ஊசி தேதியோட ஒத்துப் பாத்தேன், அண்ணி பொறுமையா காபி போட்டு குடுத்தாங்க, ஒரு வார்த்த சொல்லல. அவங்க ஊசிய தாங்களே வாங்கி போடுறதில்ல, டாக்டர் தான் ஐஸ் பாக்ஸ்ல கொண்டு வராரு. தடுப்பூசி ரெண்டு டிகிரில இருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும், கடலூர் வெயில்ல பைக் பெட்டிக்குள்ள போட்டு அரை நாள் சுத்துன ஊசிக்கு ஸ்டிக்கர் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல, இத தெனமும் ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் எழுதுறவளா சொல்றேன்.

ஆனா என்ன உலுக்குனது வேற பக்கம். ஒரு பொட்டையோட நோட்டுல மேட்டிங் தேதி ரெண்டு, அதுக்கு முன்னாடி டாக்டர் பாத்து உடம்பு நல்லா இருக்குன்னு எழுதுன பேப்பர், 28வது நாள் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரில ஸ்கேன் எடுத்தது, அஞ்சு குட்டி தெரியுதுன்னு இருக்கு. அதுக்கு கீழ 50வது நாள், செவப்பு மையில, "கலைஞ்சிடுச்சு". அதோட நிக்கல. மறு பக்கத்துல அந்த வீட்டுல இருக்குற அத்தன நாய்க்கும் ரத்தம் எடுத்து புரூசெல்லா டெஸ்ட் அனுப்புனது, ரிசல்ட் நெகட்டிவ், ஒட்டி வச்சிருக்காங்க. புரூசெல்லான்னா நாய்ங்களுக்கு கடைசி கட்டத்துல கரு கலையுற மாதிரி வர்ற தொத்து, மேட்டிங்லயும் பரவும், மனுஷனுக்கும் ஒட்டும், ஒரு தடவ புகுந்தா முழுசா விரட்டுறது ரொம்ப கஷ்டம். அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் மேட்டிங் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க, சொல்லி வச்சிருந்தவங்ககிட்ட வாங்குன அட்வான்ஸ திருப்பி குடுத்திருக்காங்க, அதுவும் நோட்டுல இருக்கு. குட்டி வாங்க வந்த எங்க கையில அந்த நோட்ட குடுக்காம இருந்திருக்கலாம். குடுத்தாங்க. நல்லது மட்டும் எழுதியிருக்குற நோட்ட விட இந்த செவப்பு மை பக்கத்த பாத்துதான் எனக்கு நம்பிக்க வந்துச்சு.

இன்னொரு பக்கம், 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி பாண்டி பக்கம் கரைய கடந்துச்சு, பாண்டிய மழ ஊத்தி எடுத்துச்சு, அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள தென்பெண்ணைல வெள்ளம் வந்து பாகூர் சுத்துப்பட்டு ஊரெல்லாம் தண்ணி. இங்க கடலூர்ல எங்க தெருவுலயும் தண்ணி நின்னுச்சு, அந்த நாளெல்லாம் நெனச்சாலே திக்குன்னு இருக்கு. இவங்க நாய்ங்கள வீட்டு மாடியில ஏத்தி, நோட்ட மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல அடச்சு பரண்ல வச்சிருக்காங்க. தண்ணி வடிஞ்சப்புறம் பதினாலு நாளைக்கு ஒவ்வொரு நாய்க்கும் காலைல சாயங்காலம் டெம்பரேச்சர் எழுதியிருக்காங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணில லெப்டோ, அதான் எலிக் காய்ச்சல், வரும்னு பயந்து. ஒருத்திக்கு 103.8 வந்திருக்கு (நாய்க்கு 101ல இருந்து 102.5 வரைக்கும் சாதாரணம்), அன்னைக்கே ரத்தம் எடுத்து பாத்தா லெப்டோ இல்ல, பிளேட்லெட் கொறஞ்சிருக்கு, உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள். 28 கட்டம் போட்டு ஒவ்வொண்ணுலயும் டிக், ஒரு கட்டத்துல மட்டும் "வாந்தி எடுத்துட்டா, திரும்ப குடுத்தேன்"னு இருக்கு. மனுஷங்களே அஞ்சு நாள் ஆன்டிபயாடிக்க மூணாம் நாள் நிறுத்திட்டு என் கடைக்கு வந்து நிக்கிறாங்க.

சரி குறையும் சொல்லணும். கால முக்க சொன்ன டிரேல பினாயில் தான் இருந்துச்சு, மேல சொன்னேன்ல, பார்வோவுக்கு அத நம்ப முடியாது. சொன்னேன், அண்ணன் முகம் வாடிடுச்சு, அடுத்த தடவ போனப்ப ப்ளீச் தண்ணி வச்சிருந்தாரு, தெனமும் மாத்துறாங்கன்னு அண்ணி சொன்னாங்க. நோய் வந்த நாய தனியா வைக்குற ரூம் குட்டி ரூமுக்கு ரொம்ப கிட்ட இருக்கு, இது எனக்கு இப்பவும் திருப்தி இல்ல, எடம் இல்லன்னு சொல்றாங்க ஆனா மாத்தித்தான் ஆகணும். அப்புறம் எங்க குட்டியோட தாய்க்கு இடுப்பு எக்ஸ்ரே ரெண்டு வயசுக்கு மேல எடுத்தது, பேரு தேதியோட ஃபிலிமே இருந்துச்சு, ஆனா மேட்டிங் விட்ட கடுவன் வெளி ஊர் நாய், அதோட எக்ஸ்ரே போன்ல ஒரு போட்டோவா தான் இருந்துச்சு, அதுல நாய் பேரும் இல்ல தேதியும் இல்ல. லேப்புக்கு இடுப்பு மூட்டு பிரச்சன பரம்பரையா வர்றது, ரெண்டு பக்கமும் பாக்கணும். பத்து நாள் கழிச்சு ஒழுங்கான காப்பி வாங்கி அனுப்புனாங்க. நான் கேட்டதால வந்துச்சு, அவங்களே மேட்டிங்குக்கு முன்னாடி வாங்கியிருக்கணும். டாக்டர் கையெழுத்து பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, பார்மசிஸ்ட் எனக்கே ரெண்டு எடத்துல புரியல.

ஒரு நோட்டுல ரெண்டு வாரம் பூச்சி மருந்து பத்தியே எழுதல, காலியா இருந்துச்சு. கேட்டேன். அண்ணன் யோசிச்சாரு, "குடுத்த மாதிரி தான்ம்மா ஞாபகம், எங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்த நேரம். ஆனா எழுதல இல்ல, குடுக்கலன்னே வச்சிக்கோங்க"ன்னாரு. என் வேலைல சீனியர் ஒருத்தர் ஆரம்பத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாரு, எழுதாத டோஸ் குடுக்காத டோஸ். அங்கயே அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

மே மாசம் ஈத்து. அண்ணி தெனமும் போன்ல அனுப்புவாங்க, நாள் நெருங்க நெருங்க தாயோட டெம்பரேச்சர், 99க்கு கீழ எறங்குனா ஒரு நாளுக்குள்ள வலி வந்துடும், 98.6 வந்த அன்னைக்கு ராத்திரி பூரா முழிச்சிருந்தாங்க. முன்னாடியே எக்ஸ்ரேல தல எண்ணி ஏழுன்னு தெரியும், அதனால ஏழாவது வர்ற வரைக்கும் யாரும் தூங்கல, எண்ணிக்க தெரியலன்னா உள்ள ஒண்ணு தங்குனாலும் தெரியாம தாயே போயிடும். ஒவ்வொரு குட்டி கழுத்துலயும் ஒரு கலர் நூல். பொறந்த எட, சீம்பால் குடிச்ச நேரம், நஞ்சுக்கொடி விழுந்துச்சா, எல்லாம் நோட்டுல.

மஞ்ச நூல் குட்டி. 310 கிராம், மத்ததெல்லாம் நானூறுக்கு பக்கம். மறு நாள் 302. அடுத்த நாள் 296. மத்த ஆறும் ஏறிகிட்டு இருக்கு, இது எறங்குது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ குழாய் வச்சு பால் குடுத்தது, சூடு வச்சது, டாக்டர் வந்து பாத்தது, நேரம் போட்டு எழுதியிருக்காங்க. நாலாம் நாள் "விடிகால 4.10, போயிடுச்சு, தென்னமரத்தடில பொதச்சோம்". நான் ஜூன்ல போய் அந்த பக்கத்த பாத்தப்ப டைகர் ஞாபகம் வந்து அழுதுட்டேன், அண்ணி என் கைய புடிச்சிகிட்டு பேசாம உக்காந்திருந்தாங்க. தெனமும் எட போட்டதால தான் முத நாளே தெரிஞ்சுது, காப்பாத்த முடியல, ஆனா யாரும் பாக்காம போகல.

குட்டிக்கு ரெண்டு வாரத்துல பூச்சி மருந்து ஆரம்பிச்சு நாலு, ஆறு, எட்டு வாரம்னு போட்டிருக்காங்க, ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு எட எவ்ளோ, மருந்து பேரு, எத்தன மில்லி. பூச்சி தாய் வயித்துலயும் தாய்ப்பால்லயுமே குட்டிக்கு வந்துடும், அதனால தாய்க்கும் கூடவே. ஆறு வாரம் முடிஞ்சு டிபி ஊசி (டிஸ்டெம்பர், பார்வோ ரெண்டுக்கும்). எட்டு வாரம் ஆகாம குட்டி வாசப்படி தாண்டாதுன்னுட்டாங்க, ஒருத்தர் 40 நாள்லயே வேணும் எக்ஸ்ட்ரா தரேன்னு நின்னாரு, அனுப்பிட்டாங்க. நாங்க கருப்பு பொட்ட எடுத்தோம், சிப் போட்டு, 61வது நாள். மைனான்னு பேரு. 28,000 ஆச்சு. வெளில இதவிட கம்மிக்கு கெடைக்கும், எனக்கு தெரியும். கூட ஒரு ஃபைல் குடுத்தாங்க, தாயோட நோட்டுல இருந்து எல்லா பக்கமும் ஜெராக்ஸ், ஈத்து நோட்டு ஜெராக்ஸ், ஊசி கார்டு, அடுத்த ஊசி தேதி பென்சில்ல. கே.சி.ஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பரும் இருக்கு, ஆனா அது வம்சத்துக்கு தான், அத பாத்து ஆரோக்கியம்னு நம்பிடாதீங்க.

அந்த ஜெராக்ஸ் எதுக்கு ஆச்சுன்னு சொல்றேன். ஆகஸ்ட்ல பன்னெண்டு வாரத்துக்கான நைன் இன் ஒன் (பல நோய்க்கு சேத்து ஒரே ஊசி) போட போனோம். குட்டிக்கு தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி இருக்குற வரைக்கும் ஊசி சரியா புடிக்காது, அது எப்ப கொறையும்னு குட்டிக்கு குட்டி மாறும், அதனாலதான் பதினாறு வாரம் வரைக்கும் திரும்ப திரும்ப போடுறது, பாதில நிறுத்திடாதீங்க. எங்க டாக்டர் ஃபைல பொரட்டிட்டு ஒரு எடத்துல நிறுத்துனாரு. தாயோட நோட்டுல 2023ல, அண்ணி கையெழுத்துல, "ஊசி போட்டு அர மணி நேரத்துல மூஞ்சி வீங்கிடுச்சு, டாக்டர் ஊசி போட்டாரு, சாயங்காலம் சரி". ஒரே வரி. டாக்டர் எங்கள வீட்டுக்கு விடல, ஒரு மணி நேரம் பெஞ்சுலயே உக்கார சொன்னாரு. நாப்பதாவது நிமிஷம் மைனா மூஞ்சிய தரையில தேய்க்க ஆரம்பிச்சா, கண்ணு மூடுற அளவுக்கு வீங்கிடுச்சு. அங்கயே இருந்ததால உடனே அலர்ஜிக்கு ஊசி போட்டாங்க, ரெண்டு மணி நேரத்துல வாலாட்டிகிட்டு நின்னா. வீட்டுக்கு வந்திருந்தா கம்மியம்பேட்டைல ரயில்வே கேட் போட்டு நாங்க பைக்ல நின்னுகிட்டு இருந்திருப்போம்.

ராத்திரி அண்ணிக்கு போன் பண்ணி சொன்னேன். "இரும்மா, வைக்காத"ன்னாங்க. அந்த பக்கம் பீரோ தொறக்குற சத்தம், அப்புறம் பேப்பர் பொரட்டுற சத்தம். "சொல்லு, எத்தன மணிக்கு போட்டாங்க, எத்தன மணிக்கு வீங்குச்சு, கார்ட எடு, பேட்ச் நம்பர் படி". படிச்சேன். "இன்னொரு தடவ படி"ன்னாங்க. படிச்சேன். மத்த அஞ்சு குட்டி வாங்குனவங்களுக்கும் காலைல போன் பண்ணி சொல்லிடுறேன், ஊசிக்கு போனா ஒரு மணி நேரம் அங்கயே உக்கார சொல்றேன்னு சொல்லிட்டு வச்சாங்க.